ஆகாய விமானமும் ஒட்டுப் பசையும்

பலகையோடு பலகையை இணைக்கும் தச்சன் ஆணியை நம்புகிறான். இரும்புத் தகட்டோடு தகட்டை இணைக்கும் கொல்லன் தறையாணியை நம்புகிறான். பசையை நம்புவோர் பட்டம் கட்டும் சிறுவரும் புத்தகம் கட்டுவோருமே என்பது பலருடைய எண்ணம். முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு முப்பத்தையாயிரம் அடி உயரத்திற் பறக்கும் ஆகாய விமானத்தின் உறுப்புகளைப் பசையால் ஒட்டுகிறார்கள் என்று கூறினால், கேட்போர் முதலில் நகைப்பர், பின்னர் அஞ்சுவர். ஆயினும் அது உண்மை. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது எனவும் கூற முடியாது. ஒட்டு நன்றாக அமைந்தால் அதனினும் சிறந்த இணைப்பு வேறில்லை. பிழையாக அமைந்தாலோ, அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த ஓர் உண்மையைச் சுற்றியே விமானத் தொழிற்சாலையின் ஒட்டு வேலை முழுவதும் அமைந்திருக்கின்றது.

இன்றைய விமானங்கள் அலுமினியத்தால் மட்டும் ஆனவையல்ல. மண்சுவர் வெடிக்காதிருப்பதற்கு மண்ணோடு வைக்கோலைச் சேர்த்துக் குழைப்பது பழைய வழக்கம். மண் தனியே நின்றால் வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் வளையும். இரண்டும் சேர்ந்தால் சுவர் நிற்கும். இதே முறையிற் காபன் என்னும் கரியத்தின் மெல்லிய இழைகளை எப்பொட்சி என்னும் பிசினில் தோய்த்து, படை மேற் படையாக அடுக்கி, வெப்பத்தால் இறுக வைத்துச் செய்யப்படுவதே கூட்டுப்பொருள். அது அலுமினியத்திலும் எடை குறைந்தது. இழையின் திசையிற் பெருவலிமை உடையது. 2011ஆம் ஆண்டிற் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பில், எடைக் கணக்கின்படி ஏறத்தாழப் பாதி இத்தகைய பொருளே. 2015இற் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ350 விமானத்திலும் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு இதுவே.

இத்தகைய பொருளை ஆணியால் இணைப்பதில் ஓர் இடர் உண்டு. ஆணிக்குத் துளையிட வேண்டும். துளையிட்டாற் சுமையைத் தாங்கும் இழைகள் அறுபடும். மேலும், எந்தப் பொருளிலும் துளையின் விளிம்பிலே இழுவிசை குவிகின்றது. உலோகம் அவ்விடத்திற் சிறிது இளகிக் கொடுத்து அந்த விசையைப் பகிர்ந்துகொள்ளும். காபன் கூட்டுப்பொருளுக்கு அந்த இளகிக்கொடுக்கும் குணம் மிகக் குறைவு. பசையோ துளை கேட்பதில்லை. இரு பரப்புகளும் பொருந்தும் இடம் முழுவதிலும் சுமையைப் பரப்பிவிடுகின்றது, எடையும் கூடுவதில்லை. அதனாலேயே கூட்டுப்பொருளுக்கு ஒட்டு இயல்பான துணையாயிற்று.

இத்துறைக்கு வழிவகுத்தோருள் நோர்மன் டி புரூயின் என்பவர் முதன்மையானவர். கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்ற இவர், 1934இல் அந்நகருக்கு அண்மையிலுள்ள டக்ஸ்போர்ட் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆளிச்செடியின் நாரைப் பிசினில் தோய்த்து அவர் உருவாக்கிய பொருளால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்பிட்பயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்று சோதனையாகச் செய்யப்பட்டது. இன்றைய கூட்டுப்பொருளுக்கு அதனை ஒரு முன்னோடி எனலாம். 1941இல் உலோகத்தையும் ஒட்டவல்ல பசை ஒன்றை அவர் கண்டார். பினோல் பிசின் நீர்மத்தைத் தகட்டின்மேற் பூசி, அதன்மேல் வேறொரு பிசினின் தூளைத் தூவி, வெப்பமும் அமுக்கமும் கொடுத்து ஒட்டும் முறை அது. டக்ஸ்போர்டின் ஆராய்ச்சி என்னும் பொருள்பட அதற்கு ரெடக்ஸ் எனப் பெயர் வந்தது. 1944இல் முதன்முதலாகப் பறந்த ஹோர்னெட் விமானத்தில் மரமும் அலுமினியமும் அதனால் ஒட்டப்பட்டன.

அதே காலத்தில் மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட மொஸ்கிட்டோ விமானம் பெரும்புகழ் பெற்றிருந்தது. 1944இன் பிற்பகுதியில், இந்தியாவிலும் அதனை அடுத்த வெப்ப நாடுகளிலும் பறந்த அவ்விமானங்கள் சிலவற்றில் ஒட்டுகள் விட்டுப் பிரிந்தன. சில விமானங்கள் வானிலேயே உடைந்தன. மழையும் வெயிலும் மரத்தைச் சுருக்கி ஒட்டைக் கெடுத்தன என்றனர் ஒரு சாரார். தொழிற்சாலையிலே பலகைகள் செவ்வனே பொருந்தாமல், இடைவெளியோடு ஒட்டப்பட்டமையே காரணம் என்றனர் மற்றொரு சாரார். குற்றம் பசையினுடையதா, காலநிலையினுடையதா, ஒட்டிய கையினுடையதா என்னும் அந்த வழக்கு, மரம் போய்க் காபன் வந்த பின்னரும் ஓயவில்லை.

அதற்கு விடை காண வேண்டுமாயின், பசை எவ்வாறு பிடிக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பசையின் மூலக்கூறுகளும் பரப்பின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஆனால் அந்த ஈர்ப்பு மிக மிகச் சிறிய தூரத்திலேயே செயற்படும். ஆதலால், பசை பரப்பின்மேற் பரந்து, அதன் நுண்ணிய மேடு பள்ளங்களிலெல்லாம் நுழைந்து படிதல் வேண்டும். சேம்பிலையின்மேல் விழுந்த நீர் உருண்டு ஓடுகின்றது. கழுவிய கண்ணாடியின்மேல் விழுந்த நீர் படலமாய்ப் பரவுகின்றது. சேம்பிலையின்மேற் பசையைப் பூசுவதால் யாது பயன்? ஒட்டப்படும் பரப்பு கண்ணாடியைப் போன்றதா, சேம்பிலையைப் போன்றதா என்பதே ஒட்டு வேலையின் முதற் கேள்வி.

தொழிற்சாலையில் இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தம் செய்த பரப்பின்மேல் தூய நீரை வார்த்துச் சாய்த்துப் பிடிப்பார்கள். நீர்ப்படலம் அறுபடாமல் நின்றால் நன்று. ஓரிடத்தில் விலகித் துளியாய்த் திரண்டால், அங்கே கண்ணுக்குப் புலப்படாத நெய்ப்பசை இருக்கின்றது என்பது பொருள். வெறுங்கையால் தொட்ட ஒரு விரலடையாளமே இதற்குப் போதும். அதனால் வேலையாட்கள் சுத்தமான கையுறை அணிகிறார்கள்.

கூட்டுப்பொருளுக்கு இவ்வகையில் ஒரு தனித் தொல்லை உண்டு. அச்சில் வார்த்து இறுகிய உறுப்பு அச்சோடு ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்காக, வழுக்கும் மெழுகு போன்ற பூச்சு ஒன்றை அச்சிலே தடவுகிறார்கள். அச்சிலிருந்து எளிதிற் கழன்று வருவதற்கு உதவிய அதே பூச்சு உறுப்பின்மேற் சிறிதளவு தங்கிவிட்டால், பின்னர் பசையும் அதிலிருந்து எளிதிற் கழன்றுவிடும். இதனைத் தவிர்க்க, உறுப்பு இறுகும்போதே அதன் முகத்தில் நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணி ஒன்றை வைத்து இறுகச் செய்து, ஒட்டும் வேளையில் அதனை உரித்தெடுப்பார்கள். வாழைப்பழத் தோலை உரித்தாற்போலப் புதிய முகம் வெளிப்படும். ஆனால் அந்தத் துணியையே எளிதில் உரிப்பதற்காகச் சிலிக்கோன் பூசிய வகையாகத் தேர்ந்துவிட்டால், பூச்சின் சுவடு முகத்தில் நின்றுவிடும். பார்வைக்கு அழகாயிருக்கும் அந்த முகத்தில் பசை பற்றாது. ஆகவே எந்தத் துணி என்பதைச் சோதித்துத் தேர்வதோடு, உரித்த பின்னும் உராய்த்தோ நுண்மணல் வீசியோ முகத்தைத் திருத்துவர். ஒட்டும் அறைக்குள்ளே சிலிக்கோன் கலந்த எப்பொருளும், கைக்குப் பூசும் களிம்பும் உட்பட, வரலாகாது என்பது கண்டிப்பான விதி.

முகத்திலுள்ள அழுக்கு மட்டுமன்றி, உடம்பினுள்ளே இருக்கும் ஈரமும் பகையாகும். எப்பொட்சிப் பிசின் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருப்பது போலத் தோன்றும் உறுப்பு, தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்களவு நீரை உள்ளே மறைத்து வைத்திருக்கக்கூடும். ஒட்டுவதற்காக அதனைச் சூடாக்கும்போது அந்நீர் ஆவியாகிப் பசைக்குள்ளே புகுந்து கொப்புளங்களை உண்டாக்கும். சில பசைகளின் இறுகலையும் குலைக்கும். ஆகையால், பழைய உறுப்பைப் பழுது பார்க்கும் இடத்திலும், நெடுநாள் கிடந்த உறுப்பை ஒட்டும் இடத்திலும், முதலில் அதனை மெல்லிய வெப்பத்தில் மணிக்கணக்காக உலர்த்துவது வழக்கம்.

அடுத்தது பசை. விமானத் தொழிலிற் பெரும்பாலும் பயன்படுவது, வலைத்துணி ஒன்றில் ஏற்றப்பட்டுப் பாய்போலச் சுருட்டி வரும் பசைத்தாளாகும். பசையும் அதனை இறுகச் செய்யும் பொருளும் அதில் முன்னரே கலந்திருக்கின்றன. ஆகவே, அறையின் சாதாரண வெப்பத்திலும் அது சிறிது சிறிதாக இறுகத் தொடங்கிவிடும். அதனைத் தடுப்பதற்காகப் பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியசு அளவிலான குளிரறையில் வைப்பார்கள். வெளியே எடுத்த நேரமும் திரும்ப வைத்த நேரமும் ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனியே எழுதப்படும். வெளியே கழித்த காலம், அப்பசைக்கு விதித்த நாட்களைக் கடந்துவிட்டால், சுருள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதனை ஒதுக்கிவிட வேண்டும். பழுதுபட்ட பசை நாறுவதுமில்லை, நிறம் மாறுவதுமில்லை. பதிவேடு ஒன்றே அதன் வயதைச் சொல்லும்.

குளிரறையிலிருந்து எடுத்த சுருளை உடனே பிரித்தல் கூடாது. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, குளிர்ந்த பசைத்தாளின்மேற் காற்றின் ஈரம் பனியாய்ப் படியும். உறை மூடியபடியே, அறையின் வெப்பநிலையை அடையும்வரை, சில மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். இச்சிறிய பொறுமையைக் கைவிட்டால் யாது நேரும்? கூட்டுப்பொருளில் அன்று, அலுமினிய விமானம் ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சியே ஆயினும், இதற்கு விடையாகப் பொறியியலாளர் இன்றும் நினைவுகூர்வது ஒன்றுண்டு.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆந் திகதி, ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 95 பேருடன் புறப்பட்டது. 24,000 அடி உயரத்தில் அதன் கூரையில் ஏறத்தாழ 18 அடி நீளமான பகுதி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மாண்டார். திறந்த கூரையோடு விமானி அதனை மவுயித் தீவில் இறக்கினார். ஏனையோர் உயிர் பிழைத்தனர். அவ்விமானம் 1969இற் செய்யப்பட்டது. அதுவரை 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. அதன் உடலின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள், குளிரில் வைத்தெடுத்து அறை வெப்பத்தில் இறுக விடப்படும் பசைத்தாளால் ஒட்டப்பட்டு, அதன்மேல் தறையாணியும் அறையப்பட்டவை. பசைத்தாளிற் படிந்த பனியும், தகட்டு முகத்தின் குறைபாடான தயாரிப்பும், ஒட்டும் முன்னரே பசை இறுகத் தொடங்குதலும் அம்முறையில் ஏற்படக்கூடிய பிழைகளாய் இருந்தன என விசாரணை காட்டியது. சில இடங்களில் ஒட்டு நன்றாக இருந்தது. சில இடங்களில் இல்லை. ஒட்டு விட்ட இடங்களில், அது தாங்க வேண்டிய சுமை முழுவதும் தறையாணித் துளைகளின்மேல் விழுந்தது. ஈரம் புகுந்து துருவையும் உண்டாக்கியது. துளை விளிம்புகளிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, ஆண்டுதோறும் வளர்ந்து, ஒருநாள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இவற்றைப் பராமரிப்பின்போது கண்டுபிடிக்கத் தவறியமையே விபத்தின் காரணம் என விசாரணைச் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அதன் வித்து, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் தொழிற்சாலையிலேயே விழுந்துவிட்டது. அந்த ஒட்டு முறையை 1972இலேயே போயிங் நிறுவனம் கைவிட்டிருந்தது. எனினும் அதற்கு முன் செய்யப்பட்ட விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன.

இனி, பசையின் தடிப்பும் அமுக்கமும். பசைப்படலம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு முதல் நான்கிலொரு பங்கு வரை இருப்பது பொதுவாக விரும்பப்படும் அளவு. தடித்தால் வலிமை குறையும். மெலிந்தால் சில இடங்களிற் பசையே இல்லாது போகும். பசைத்தாளிலுள்ள வலைத்துணி, அமுக்கத்தில் பசை முழுவதும் பிதுங்கி ஓடிவிடாமல் ஓரளவு காக்கின்றது. ஆயினும் இரு உறுப்புகளும் தம்முள் சரியாகப் பொருந்தாவிடின் எதுவும் உதவாது. இதற்காக ஒத்திகை ஒன்று செய்வதுண்டு. பசைத்தாளுக்குப் பதிலாக, ஒட்டாத மெல்லிய தாள்களுக்கிடையில் வைத்த வேறொரு தாளை உறுப்புகளின் நடுவே இட்டு, உண்மையான வேலையைப் போலவே அமுக்கிச் சூடாக்கிப் பிரிப்பார்கள். அதிற் பதிந்திருக்கும் தடிப்பும் மெலிவும் எந்த இடத்தில் இடைவெளி உண்டு என்பதைக் காட்டிவிடும். அதனைத் திருத்திய பின்னரே பசை வைக்கப்படும்.

இறுதியில் வெப்பம். உறுப்புகளை உறையிலிட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஓட்டோகிளேவ் எனப்படும் பெரிய அமுக்கக் கலத்துள் வைத்துச் சூடாக்குவர். சில பசைகள் 120 பாகை செல்சியசிலும், வேறு சில 177 பாகையிலும் இறுகும். சூடு ஏறும் வேகமும் முக்கியமானது. பசை முதலில் இளகிப் பரப்பை நனைத்து, அதன் பின்னரே இறுக வேண்டும். சூடு மிக மெதுவாக ஏறினாற் பரவுமுன் இறுகத் தொடங்கும். மிக விரைவாக ஏறினாற் குமிழிகள் வெளியேறுமுன் கெட்டியாகிவிடும். கலத்திலுள்ள காற்றின் வெப்பம் வேறு, பசையின் வெப்பம் வேறு. கனத்த அச்சின்மேல் இருக்கும் பகுதி, பெரிய பானையின் அடிச்சோறு போல, மெதுவாகவே சூடேறும். ஆகவே, வெப்பமானிக் கம்பிகளைப் பல இடங்களில் வைத்து, எல்லாவற்றினும் பிந்திச் சூடேறும் இடம் உரிய நிலையை அடைந்த பின்னரே நேரத்தைக் கணக்கிடத் தொடங்குவர்.

இவ்வளவும் முடிந்து உறுப்பு வெளியே வருகின்றது. ஒட்டு நல்லதா, தீயதா? இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. சந்தையில் மண்சட்டி வாங்குபவர் விரலால் தட்டிப் பார்ப்பது போல, ஒட்டிய உறுப்பை நாணயத்தால் தட்டி ஓசை கேட்பது இன்றும் வழக்கில் உள்ளது. காதுக்கெட்டாத உயரொலி அலைகளை உள்ளே செலுத்தியும் பார்க்கின்றனர். இவை இடைவெளியையும் குமிழியையும் பிரிவையும் காட்டும். ஆனால் பசை பரப்பை முழுவதும் தொட்டிருந்தும் பற்றாமல் இருக்கும் ஒட்டு, இச்சோதனைகளுக்கு நல்ல ஒட்டைப் போலவே தோன்றும். ஒட்டின் உண்மையான வலிமையை, அதனை உடைக்காமல் அளந்து சொல்லும் நம்பகமான கருவி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உடைத்துப் பார்த்தால் வலிமை தெரியும். ஆனால் உடைத்த சிறகு பறக்காது.

உடைத்துப் பார்க்கும் மாதிரித் துண்டிலுங்கூட எண் ஒன்றே போதாது. எவ்வாறு உடைந்தது என்பதையும் நோக்க வேண்டும். பசையே நடுவில் கிழிந்து, இரு முகங்களிலும் அதன் பங்கு நின்றால், பரப்பு பசையை விட்டுக்கொடுக்கவில்லை என்பது தெளிவு. பசை ஒரு முகத்திலிருந்து துடைத்தாற்போலக் கழன்று வந்திருந்தால், அன்றைய சோதனையில் எவ்வளவு பாரம் தாங்கியிருந்தாலும் அவ்வொட்டை நம்பலாகாது. தீய முகத்தில் அமைந்த ஒட்டு, புதிதாயிருக்கும்போது நல்ல ஒட்டுக்கு நிகராகவே இழுவையைத் தாங்கக்கூடும். ஈரமும் வெப்பமும் காலமும் சேர்ந்து தாக்கும்போதுதான் அதன் இயல்பு வெளிப்படும். இதனாலேயே, ஒட்டிய உலோகத் தகடுகளின் நடுவில் ஆப்பு ஒன்றைச் செருகி, வெப்பமும் ஈரமும் மிக்க அறையில் வைத்து, பிளவு எவ்வளவு தூரம் நீள்கின்றது என்று பார்க்கும் சோதனை ஏற்பட்டது.

இந்நிலையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிருவாகம் கூட்டுப்பொருள் விமானங்கள் பற்றி 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், விட்டுப்போனால் விமானத்தையே இழக்க நேரும் ஒட்டுகளுக்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன. ஒட்டு விடக்கூடிய மிகப்பெரிய அளவைக் கணித்து, அதற்கு மேற் பிரிவு பரவாதபடி அமைப்பிலேயே தடை வைப்பது ஒன்று. உற்பத்தியாகும் ஒவ்வோர் உறுப்பையும், பறக்கும்போது எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையை ஏற்றிச் சோதிப்பது மற்றொன்று. ஒவ்வோர் ஒட்டின் வலிமையையும் உடைக்காமலே உறுதிசெய்யும் முறையைக் கையாள்வது மூன்றாவது. மூன்றாம் வழி இன்னும் கைகூடாமையாலும், இரண்டாம் வழி பெருஞ் செலவானதாலும், பலர் முதல் வழியையே நாடுகின்றனர். ஒட்டிய இடத்திலும் ஆங்காங்கே சில ஆணிகளை அறைகின்றனர். அவற்றை அஞ்சினவன் ஆணி என்னும் பொருள்படப் பொறியியலாளர் வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு.

ஆணி பிரிவைத் தடுத்து நிறுத்தலாம். நல்ல ஒட்டை உண்டாக்க அதனால் இயலாது. முடிந்த பொருளைச் சோதித்து நன்மை தீமையைப் பிரிக்க முடியாதபோது, செய்யும் முறையிலேயே நன்மையை வைத்தல் வேண்டும். முகத்தின் சுத்தம், உறுப்பின் ஈரம், அறையின் ஈரப்பதன், பசையின் வயது, தடிப்பு, அமுக்கம், சூடேறும் வேகம், சூட்டில் நின்ற நேரம் ஆகிய ஒவ்வொன்றும் வகுத்த எல்லைக்குள் நிற்க வேண்டும். நின்றதென்பது அவ்வப்போதே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வேலையோடும், அதே பசையில், அதே முகத் தயாரிப்பில், அதே சூட்டில் ஒட்டிய மாதிரித் துண்டு ஒன்று உடன்செல்லும். அதனை உடைத்துப் பார்த்து, உடைக்க முடியாத உறுப்புக்கு அதனைச் சாட்சியாக்குவர். ஆயினும் அச்சாட்சி பேசுவது, அதனை ஒட்டிய கையும் உறுப்பை ஒட்டிய கையும் ஒரே கவனத்தோடு உழைத்திருந்தால் மட்டுமே.

தேர்வு எழுதும் மாணவனின் பிழையை ஆசிரியர் சிவப்பு மையாற் காட்டலாம். தச்சனின் கோணலைக் கண்ணே காட்டிவிடும். ஒட்டு வேலையில் பிழையைக் காட்டுவார் எவருமில்லை. கையுறை கழற்றிய ஒரு கணமும், பனி படிந்த சுருளை அவசரமாய்ப் பிரித்த ஒரு கணமும், நிரப்பாமல் விட்டுப் பிறகு ஊகித்து எழுதிய ஒரு பதிவும் அன்றே மறைந்துவிடும். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அவற்றை அறியாத ஒருவருடைய தலைக்குமேல் அவை வெளிப்படக்கூடும். விமானத்தில் அமர்ந்து சாளரத்தினூடே சிறகை நோக்கும் பயணி, பிசினையும் காபனையும் மட்டும் நம்பவில்லை. தன் முகத்தை ஒருபோதும் காணாத ஒருவர், எவரும் பார்க்காத வேளையிலும் விதித்தபடியே செய்திருப்பார் என்பதையும் சேர்த்தே நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையோராய் அத்தொழிலாளர் இருப்பதே, இவ்விந்தைப் பசையின் வலிமையிற் பாதி.